தொண்ணூறில் வரும் நடுக்கம்

செங்கல்பட்டு வரைக்கும் எந்தக் காரும் நல்ல கார்தான். தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று ஊர்ந்து போகிற ஜி.எஸ்.டி. சாலையில் முள் அறுபதைத் தொட்டாலே பெரிய விஷயம். பரனூர் சுங்கச்சாவடியைக் கடந்து, கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டே போய், பாலாற்றுப் பாலம் ஏறி இறங்கிய பிறகுதான் வண்டி தன் சுயரூபத்தைக் காட்டும். மதுராந்தகம் தாண்டியதும் எங்கள் வண்டி காட்டியது. எண்பத்தைந்து வரை ஒன்றுமில்லை. தொண்ணூறை நெருங்கியதும் ஸ்டியரிங் உள்ளங்கையில் குறுகுறுத்தது, தொண்ணூற்றைந்தில் உதறியது.

ஆடிக் கொடைக்குத் திருநெல்வேலி போய்க்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன். பக்கத்தில் அக்கா மகன், மெக்கானிக்கல் படிக்கிறவன். பின்னிருக்கையில் அக்கா. வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன செடான். கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் சென்னையில் ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டு, “ஹைவேயில் வைப்ரேஷன் வருது” என்று சொல்லியிருந்தேன். அலைன்மென்ட் செய்து பில் போட்டார்கள். திரும்ப எடுக்கும்போது, “இப்ப சரியாயிடுச்சு சார். கொஞ்சநஞ்சம் இருந்தா அது ரோடு” என்றார்கள்.

நடுக்கம் என்று போனால் அலைன்மென்ட் செய்து அனுப்புவது இங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்ற கணக்கு. அது தப்பினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். உதறாது. உதறலுக்குப் பெரும்பாலும் காரணம் சக்கரம் சுழலும் விதத்தில் இருக்கிறது. அதற்குப் பேலன்ஸிங் என்று தனி வேலை, தனி மெஷின் உண்டு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி ஒரே வேலை என்று நாம் நினைத்துவிட்டோம். கடைக்காரர்களுக்கும் அது வசதி.

“ரோடா, வண்டியாங்கிறதை முதல்ல பாத்துருவோம் மாமா” என்றான் மருமகன். நியாயமான பேச்சு. சுங்கச்சாவடிக்கு முன்னால் குறுக்கே போட்டிருக்கும் பட்டைக் கோடுகள், பாலத்து இணைப்புகள், ஒட்டுப் போட்ட தார் எல்லாம் வண்டியை ஆட்டும். ஆனால் சாலையால் வரும் ஆட்டம் சாலையோடு மாறும். இடது தடத்துக்குப் போனேன், வலது தடத்துக்கு வந்தேன், அச்சிறுபாக்கம் அருகே புதிதாகத் தார் போட்ட வழுவழுப்பான துண்டிலும் ஓட்டிப் பார்த்தேன். உதறல் மாறவில்லை. சாலை நிரபராதி.

அடுத்து எஞ்சினா, சக்கரமா? இதற்கு ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து, அதே தொண்ணூறில் ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாற்ற வேண்டும். எஞ்சின் 2,500 சுற்றிலிருந்து 3,200க்குப் போகும். சக்கரமோ அதே வேகத்தில்தான் சுழலும். உதறலின் தாளம் மாறினால் எஞ்சின் பக்கம், மாறாவிட்டால் சக்கரத்தின் பக்கம். அதன் பிறகு கிளட்சை மிதித்துச் சில விநாடி வண்டியைத் தானாக ஓட விடலாம். எஞ்சின் வேகம் விழுந்த பிறகும் நடுக்கம் நின்றபடியே நிற்கிறதா என்று பார்க்கத்தான் இது. சாவியை மட்டும் அணைத்துவிடக் கூடாது. பவர் ஸ்டியரிங்கும் பிரேக்கின் உதவியும் போய்விடும். சாவியைக் கையோடு உருவினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். எங்கள் வண்டியில் இரண்டு சோதனையிலும் தாளம் மாறவில்லை. எஞ்சின், மவுண்டிங் எல்லாம் பட்டியலிலிருந்து போயின.

மருமகனுக்கு அது போதவில்லை. அதிர்வு அளக்கும் செயலி ஒன்றைத் தன் ஃபோனில் வைத்திருந்தான். ஃபோனை இரண்டு இருக்கைக்கும் நடுவே கெட்டியாகச் செருகிவிட்டு, என்னை ஜிபிஎஸ் தொண்ணூறில் பிடித்து ஓட்டச் சொன்னான். வண்டியின் மீட்டர் அப்போது தொண்ணூற்றைந்து காட்டியது. கார் மீட்டர்கள் கொஞ்சம் கூட்டிக் காட்டுவது வழக்கம். திரையில் பதின்மூன்றுக்குச் சற்றுக் கீழே ஒரு கோபுரம் எழுந்து நின்றது. விநாடிக்குப் பதின்மூன்று அதிர்வு.

அந்த எண்ணுக்கு அவன் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் டயர் 185/65 ஆர் 15. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். மேலும் கீழும் டயர்ச் சுவரின் உயரத்தைச் சேர்த்தால் விட்டம் 621 சொச்சம். சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். தொண்ணூறு கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். வகுத்தால் விநாடிக்கு 12.8 சுற்று. எஞ்சின் 2,500இல் சுற்றினால் விநாடிக்கு ஏறத்தாழ 42. திரையில் 42இல் ஒன்றுமில்லை, 12.8இல் கோபுரம். ஆக, ஒரு சுற்றுக்கு ஒரு உதை கொடுக்கும் ஏதோ ஒன்று. முன்சக்கரம் இழுக்கும் காரில் அந்த வேகத்தில் சுழல்பவை டயர், ரிம், டிஸ்க் அல்லது டிரம், ஹப், ஆக்சில். பின்சக்கரம் தள்ளும் வண்டியாக இருந்து, நடுவே ஓடும் நீளமான ஷாஃப்டில் கோளாறு என்றால் எண் இதைப்போல மூன்று நான்கு மடங்கு வரும்.

ஏன் தொண்ணூறு, ஏன் அறுபதில் இல்லை என்று அக்கா பின்னாலிருந்து கேட்டாள். நல்ல கேள்வி. சக்கரமும் அதைத் தாங்கும் சஸ்பென்ஷனும் சேர்ந்து தமக்கென்று ஓர் ஆட்ட வேகம் வைத்திருக்கின்றன. சாதாரணக் கார்களில் அது விநாடிக்குப் பத்திலிருந்து பதினைந்துக்குள். சக்கரத்தின் சுற்று அந்த எண்ணோடு ஒத்துப்போகும் வேகத்தில் சிறு குறைகூடப் பெரிதாகத் தெரியும். வீட்டு வாஷிங் மெஷின் துணியைப் பிழியத் தொடங்கும்போது ஒரு கட்டத்தில் குதித்துவிட்டு, வேகம் கூடியதும் அடங்குகிறதே, அதே கதைதான். அதனால்தான் சில வண்டிகளில் தொண்ணூறில் உதறி நூற்றுப்பத்தில் அடங்கிவிடும். “இன்னும் அழுத்தினா சரியாயிடும்” என்று சில டிரைவர்கள் சொல்லும் வைத்தியம் இதுதான். அங்கே நோய் போவதில்லை, சத்தம்தான் போகிறது.

விக்கிரவாண்டி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். உளுந்தூர்பேட்டையில் சேலம் பக்கம் போகிறவர்கள் பிரிந்துவிட்டால், பெரம்பலூர் வரை சாலை நீண்டு கிடக்கும். சோதனை பார்க்க அந்தத் துண்டுபோல வசதியான இடம் வேறில்லை. ஒரு கார்க்காரனாக நம் நான்குவழிச் சாலைகளுக்கு நான் நன்றி சொல்வது வேறு ஒரு காரணத்துக்கும் உண்டு: ஊருக்கு ஊர் மேம்பாலம். ஏறும்போது எஞ்சின் இழுக்கிறது, இறங்கும்போது காலை எடுக்கிறோம். ஏற்றத்தில் மட்டும் ஆட்டம் வந்து இறக்கத்தில் நின்றால், ஆக்சிலின் உட்பக்க மூட்டு தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். எங்களுக்கு இரண்டிலும் ஒரே மாதிரிதான். தொழுதூர் அருகே கண்ணாடியில் பின்னால் காலியென்று பார்த்து, பிரேக்கை மெல்ல அழுத்தினேன். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் அடித்தால் டிஸ்க் தட்டையாக இல்லை என்று பொருள். கூடவில்லை. பெரிய வளைவுகளில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் ‘ம்ம்ம்’ என்ற முனகல் கூடினால் பேரிங். அதுவுமில்லை.

மிச்சம் டயரும் ரிம்மும். எந்தச் சக்கரம் என்பதற்கு ஒரு பழைய விதி உண்டு: ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்சக்கரம், இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரம். கையில் உதறியதால் முன்சக்கரம் என்று நாங்கள் இருவரும் முடிவுகட்டினோம். அப்போதுதான் அக்கா சொன்னாள்: “ஏல தம்பி, ஒனக்கு கையில, எனக்கு உக்காந்த எடத்துல. ரெண்டும் ஒண்ணா?”

ஓட்டுகிறவனுக்குப் பின்னிருக்கை தெரியாது. ஒர்க்ஷாப்காரர் டெஸ்ட் டிரைவ் போனாலும் பின்னிருக்கையில் யாரும் உட்காருவதில்லை. கார் நடுங்குகிறது என்றால் பின்னால் ஓர் ஆளை உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள். அந்த ஆள் காரைப்பற்றி ஒன்றும் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

கொள்ளிடமும் காவிரியும் கடந்து திருச்சி புறவழிச்சாலையில் ஒரு டயர் கடை. கம்ப்யூட்டர் பேலன்ஸிங் என்று பெரிதாக எழுதியிருந்தது. கடைக்காரர் இளைஞர். “என்ன சார் பிரச்சினை?” என்றார். மருமகன் சொன்னான்: “எண்பத்தஞ்சுல ஆரம்பிக்குதுண்ணே, தொண்ணூத்தஞ்சுல அதிகம். பிரேக்ல மாத்தமில்ல, கியர் மாத்தினாலும் மாத்தமில்ல. ஸ்டியரிங்கிலயும் இருக்கு, பின்சீட்லயும் இருக்கு.” இளைஞர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அலைன்மென்ட் என்ற பேச்சையே எடுக்காமல் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார்.

அவர் வேலை செய்த முறையைச் சொல்ல வேண்டும். சக்கரத்தை மெஷினில் ஏற்றுமுன் ரிம்மின் உட்புறத்தில் காய்ந்து இறுகியிருந்த சேற்றை ஸ்குரூடிரைவரால் பெயர்த்தெடுத்தார். பழைய ஈய வெயிட்டுகள் அத்தனையும் கழற்றி எறிந்தார். பல கடைகளில் பழையதை விட்டுவிட்டு அதன் எதிரில் புதிதாக அடிப்பார்கள். ரிம்மைச் சுற்றி ஈயம் தோரணம் கட்டியிருக்கும். பிறகு கூம்பை வைத்து இறுக்கி, ரிம்மின் அளவுகளைக் கொடுத்து மூடியை இறக்கினார். முன் இடது சக்கரத்துக்கு உட்புறம் 5, வெளிப்புறம் 40 என்று காட்டியது. ரிம்மின் வெளி விளிம்பில் விரல் நீளத்துக்குத் துருப்பிடிக்காத பளிச்சென்ற ஒரு கோடு. “இங்க இருந்த வெயிட்டு விழுந்துருக்கு சார். பஞ்சர் போட்டப்ப தட்டிருப்பாங்க, இல்ல பள்ளத்துல விழுந்திருக்கும்.”

நாற்பது கிராம் என்ன பெரிய எடை என்று தோன்றும். ரிம்மின் விளிம்பில் உட்கார்ந்து விநாடிக்குப் பதின்மூன்று முறை சுற்றும்போது அது ஏறக்குறைய ஐந்து கிலோ எடையின் விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கிறது. பாதி வேகத்தில் அந்த இழுப்பு கால்வாசிதான். நகரத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு “ஒண்ணுமில்லையே சார்” என்று ஒர்க்ஷாப்காரர்கள் சொல்வது பொய்யில்லை. அந்த வேகத்தில் ஒன்றுமில்லைதான்.

நான்கு சக்கரத்துக்கும் பேலன்ஸிங் பார்த்தார். நட்டுகளைச் சுற்று வரிசையில் முறுக்காமல் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கினார். இது சின்ன விஷயமில்லை; ஒரு பக்கமாக இறுக்கிய சக்கரம் ஹப்பில் சரியாக உட்காராமல் போனால் பேலன்ஸிங் அத்தனையும் வீண்.

விராலிமலை வரும்போதே தெரிந்துவிட்டது. ஸ்டியரிங் சுத்தம். தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, நூறு – ஒரு விரலால் பிடித்து ஓட்டலாம். துவரங்குறிச்சி தாண்டும்வரை ஆளாளுக்குக் கடைக்காரரைப் புகழ்ந்தோம். கொட்டாம்பட்டி பக்கம் அக்கா மறுபடியும் தொடங்கினாள். “எனக்குக் கீழ இன்னும் இருக்குல.”

ஃபோனைப் பின்னிருக்கைக்கு மாற்றினான் மருமகன். அதே 12.8. கோபுரம் குட்டையாகியிருந்தது, ஆனால் இருந்தது. மெஷின் பூஜ்யம் காட்டிய சக்கரம் எப்படி ஆட்டும்? மேலூரிலிருந்து திருமங்கலம்வரை எங்களுக்குப் பேச்சே இதுதான். மெஷினில் சக்கரம் அந்தரத்தில் சுற்றுகிறது. சாலையில் அதன்மேல் கால் டன்னுக்குக் குறையாத பாரம் உட்கார்ந்திருக்கிறது. பேலன்ஸிங் மெஷின் எடை எங்கே கூடுதல் என்று மட்டும் சொல்லும். டயர் உருண்டையாக இருக்கிறதா, எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமாக இருக்கிறதா என்று சொல்லாது. ஓர் இடத்தில் மேடாக இருக்கும் டயருக்கும் எதிரில் ஈயம் அடித்துப் பூஜ்யம் காட்டிவிட முடியும். சாலையில் அந்த மேடு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை மிதிக்கும். டயரை ஓர் உருளையால் அழுத்திக்கொண்டே சுற்றிப் பார்க்கும் மெஷின்களும் உண்டு. எல்லா ஊரிலும் கிடைக்காது.

விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா, சாத்தூரில் காராச்சேவு. இரண்டுக்கும் நிறுத்தினோம், இரண்டும் பெயருக்குக் குறைவில்லை. வேகத்தை எழுபதுக்கு இறக்கியிருந்தேன். கோவில்பட்டியில் சர்வீஸ் ரோட்டோரம் ஒரு சிறிய கடை. மெஷின் எதுவும் இல்லை. வாசலில் பழைய டயர் கட்டித் தொங்கியது, உள்ளே வயதான ஒருவர். விஷயத்தைச் சொன்னதும், “பின்னாடியா? தூக்கிப் பாத்துருவோம் அண்ணாச்சி” என்றார்.

முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை எடுக்கச் சொல்லி, பின்பக்கம் ஜாக்கியில் தூக்கினார். ஒரு செங்கல்லை நிமிர்த்தி வைத்து அதன்மேல் ஸ்குரூடிரைவரைப் படுக்கப்போட்டு, அதன் முனை டயரைத் தொடாமல் ஒரு மயிரிழை விலகி நிற்கும்படி நகர்த்தினார். பிறகு சக்கரத்தைக் கையால் மெதுவாக உருட்டினார். வலது சக்கரத்தில் அந்த இடைவெளி சுற்று முழுக்க அப்படியே இருந்தது. இடது சக்கரம் முக்கால் சுற்று வந்ததும் ‘சர்ர்’ என்று ஸ்குரூடிரைவரை உரசித் தள்ளியது. மறுபடி உருட்டினார். அதே இடத்தில் மறுபடி உரசல்.

“கைய வச்சுப் பாருங்க.” வைத்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டன் மேடுதட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிந்தது. “உள்ள கம்பி விட்டுப்போச்சு. இதுக்குப் பேலன்ஸிங் கிடையாது, மருந்து கிடையாது. நாளைக்கும் வெடிக்கலாம், ஆறு மாசமும் ஓடலாம். யாரு சொல்ல முடியும்?”

டயர்ச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் அச்சாகியிருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். இந்த டயரில் 1117 – 2017ஆம் ஆண்டின் 11ஆவது வாரம். மற்ற மூன்றும் 2021. பட்டன் என்னவோ புதுசுபோல ஆழமாகத்தான் இருந்தது. வாங்கும்போது பட்டனைப் பார்த்துத் தலையாட்டுவதுதான் எல்லோருக்கும் பழக்கம். எண்ணைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். அது மற்றவற்றைவிட ஒல்லியான டயர். எண்பதுக்கு மேல் போகாதே என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கயத்தாறில் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஆடிக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தது. மருமகன் ஃபோனை எடுத்தான். “அது காத்துடே, பேசாம வா” என்றாள் அக்கா.

திருநெல்வேலியில் புது டயர் இரண்டு வாங்கிப் பின்சக்கரங்களில் போட்டோம். ஒற்றை டயர் மாற்றுவதைவிட ஜோடியாக மாற்றுவதே முறை. புதிய ஜோடி பின்னால் இருந்தால்தான் மழையில் வண்டியின் பின்பக்கம் வழுக்காது. கடைப் பையன் பழைய டயரைப் பார்த்து, “நல்லா பட்டன் இருக்கே அண்ணாச்சி, எக்சேஞ்சுல எடுத்துக்கிறோம்” என்றான். மற்ற மூன்றுக்கும் நான்கு வருடம் மூத்த அந்த டயர் எங்கள் வண்டிக்கு எப்படி வந்து சேர்ந்திருக்கும் என்று அப்போது விளங்கியது. முன்னால் வைத்திருந்த யாரோ ஒருவர் இப்படித்தான் கொடுத்திருப்பார். இன்னொருவர் பட்டனைப் பார்த்து மலிவு என்று வாங்கியிருப்பார்.

எக்சேஞ்சு வேண்டாம் என்றேன். பக்கச்சுவரில் கத்தியால் ஒரு முழ நீளத்துக்குக் கிழித்துத் தரச் சொல்லி வாங்கினேன். சில நூறு ரூபாய் போனது. உங்கள் வண்டியிலிருந்து வீங்கிய டயரைக் கழற்றினால் நீங்களும் அங்கேயே நின்று கிழிக்கச் சொல்லுங்கள். கிழிக்காத டயர் அடுத்த வாரம் வேறொரு வண்டியில் ஓடும்.